பத்து முழ ட்ரெயிலர்

நான் பொய் சொல்லுகிறவன் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இடையில் சொன்னால் ஆட்கள் சந்தேகப்படுவார்கள்.

பெயர் தில்லையம்பலம். வயது எழுபத்து மூன்று. உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். வீடு லண்டன் குட்மேய்ஸில். பொழுதுபோக்கு பட்டம் ஏற்றுவது. ஊரில் சின்ன வயதிலேயே பழகியிருப்பீர்கள் என்பார்கள். கிடையாது. ஊரில் எனக்குக் காற்றுப் பட்டாலே சளி, தடிமன் பிடிக்கும். இந்த ஆசை வந்தது அறுபத்தெட்டாம் வயதில், இடது முழங்காலை மாற்றிய பிறகு. புது முழங்கால் ஜெர்மனியில் செய்தது. அதற்குச் சும்மா இருக்கத் தெரியவில்லை. ஓட வேண்டும் என்று நின்றது. ஒரு மனுஷன் காரணமில்லாமல் பூங்காவில் ஓடினால் அம்புலன்ஸ் கூப்பிடுவார்கள். கையில் நூலோடு ஓடினால் ஒருவரும் கேட்கமாட்டார்கள்.

எங்கள் பட்டக் கழகத்தில் மூன்று பேர். நான் ஒன்று. இரண்டாவது ஆள் என் மச்சான் மகாலிங்கம், மனைவியின் தமையன். டூட்டிங்கில் இருக்கிறான். ஆறடி மூன்றங்குலம். லண்டனில் பதினொரு சங்கங்களின் முன்னாள் தலைவர். மூன்றாவது ஆள் வெம்பிளி முகுந்த். கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற சென்னைப் பிள்ளை. எதைச் சொன்னாலும் அட்டவணை போட்டுவிடுவான்.

சங்கத் தலைவரை மேடையில் ஏற்றுவார்கள். மேடையில் ஏறினவருக்குப் பொன்னாடை போர்த்துவார்கள். மகாலிங்கம் வீட்டு அலுமாரியில் பொன்னாடையைத் தவிர வேறு ஒன்றும் வைக்க இடமில்லை. அந்தத் துணியைப் போர்த்தால் குளிர் போகாது. கை துடைத்தால் ஈரம் போகாது. எறிந்தால் மரியாதை போகும். ஒருநாள் முகுந்த் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். வாயால் ஊதினான்.

"அங்கிள், இதுல காத்து ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போகவே மாட்டேங்குது," என்றான். "இவ்வளவு நல்ல பட்டத் துணிய வீணா தோள்ல போட்டிருக்காங்க."

முப்பத்தொரு பொன்னாடைகளைத் தைத்து ஒரு பட்டம் செய்தோம். நடு மூங்கிலை மகாலிங்கம் தன் கையால் அளந்து வெட்டினான். பத்து முழம். உச்சியில் விண் கட்டினோம். விண் என்றால் வில்லுப் போல வளைத்துக் கட்டுகிற நார். காற்றுப் பட்டால் கூவும். செட்டைகள், அதாவது இறக்கைகள், இரண்டையும் குடை மாதிரி மடக்கலாம். நடு மூங்கிலை மடக்க ஏலாது. இவ்வளவையும் செய்தது என் வீட்டு ஹோலில். வேறு எங்கே செய்வது? மகாலிங்கத்தின் வீடு முழுக்க நினைவுச் சின்னங்கள். முகுந்தின் வீடு முழுக்க முகுந்தின் பிள்ளைகள்.

இனி என் மனைவி மகாதேவியைப் பற்றி. இருபத்திரண்டு வருஷம் 86ஆம் நம்பர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். நான் ஏழு தரம் டிரைவிங் டெஸ்டில் தோற்றவன். ஏழாம் தரம், பரீட்சை வைத்தவர் இறங்கி நடந்தே போய்விட்டார். ஆகவே எங்கள் வீட்டில் வண்டி, வழி, முடிவு மூன்றும் அவள் கையில்.

ஆறு மாதம் அவள் பொறுத்தாள். செற்றியில், அதுதான் சோபாவில், இருந்து டிவி பார்க்க வேண்டுமானால் இடது செட்டையைத் தூக்கிப் பிடிக்க வேண்டும். ஒருநாள் தேத்தண்ணியோடு வந்தவள் வாலில் கால் தடக்கினாள். தேத்தண்ணி என் மடியில். அவள் கத்தவில்லை. கோப்பையை எடுத்து வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ. பறந்தால் அது பட்டம். பறக்காட்டி அது தளபாடம். தளபாடத்துக்குக் கவுன்சில் இருக்கு."

வீட்டுக்கு வேண்டாத கட்டில், கதிரைகளைக் கவுன்சில் லொறி வந்து ஏற்றிக்கொண்டு போகும். என் முன்னாலேயே போனை எடுத்துப் பதிந்தாள். பெரிய பொருள் ஒன்று. செவ்வாய்க்கிழமை காலை லொறி வரும். அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை சவுத்தென்ட் பக்கம் கடற்கரைத் திடலில் பட்டத் திருவிழா. அன்றைக்குப் பட்டம் பறந்தால் வீட்டில் இடம். பறக்காவிட்டால் லொறியில் இடம்.

"உமக்கு இரக்கமே இல்லையோ?" என்று கேட்டேன்.

"இருக்கு. அதாலதான் ஞாயிறு வரைக்கும் விட்டனான்."

இப்போது கேள்வி, அதை எப்படிக் கொண்டு போவது. போன வருஷம் கொண்டுபோனது சின்னப் பட்டம். ரயிலில் கொண்டு போனோம். யன்னலுக்கு வெளியே கொஞ்சம் நீட்டிப் பிடித்தோம். ரயில் பதினொரு நிமிஷம் முந்திப் போய்ச் சேர்ந்தது. டிரைவர் இறங்கி வந்து மணிக்கூட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். இனி வராதீர்கள் என்று வாயால் சொல்லவில்லை. கண்ணால் சொன்னார்.

"ட்ரெயிலர்தான் சரி அங்கிள்," என்றான் முகுந்த். "மகாதேவி ஆன்ட்டி கார்ல பின்னாடி கொக்கி இருக்கு. நான் ஒரு ஷீட் போட்டிருக்கேன்."

ஷீட்டில் நாற்பத்தொரு வரி. நீளம், அகலம், வெறும் எடை, சில்லு, கதவு. கடைசிக் கட்டத்தில் 'ஆன்ட்டி சம்மதம்' என்று எழுதி எல்லா வரியிலும் கேள்விக்குறி போட்டிருந்தான்.

றொம்ஃபோர்ட்டுக்கு அப்பால் ட்ரெயிலர் விற்கிற ஒரு வளவுக்குச் சனிக்கிழமை போனோம், முகுந்தும் நானும். மகாலிங்கம் வரவில்லை. அன்றைக்கு அவனுக்கு முப்பத்திரண்டாவது பொன்னாடை.

விற்கிறவர் வெள்ளைக்காரர். வாளியளவு கோப்பையில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று கேட்டார். பட்டம் என்றேன்.

"எவ்வளவு பாரம்?"

"தரையில் பதினெட்டுக் கிலோ. காற்றில் மைனஸ் முப்பது."

அவர் தேத்தண்ணியை விழுங்க மறந்தார். முகுந்த் அதை அப்படியே ஷீட்டில் போட்டான். ஷீட் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, உங்களுக்கு ட்ரெயிலர் தேவையில்லை, ட்ரெயிலருக்குத்தான் நீங்கள் தேவை என்ற மாதிரி ஒரு விடையைச் சிவப்பில் காட்டியது.

முதலில் திறந்த ட்ரெயிலர் ஒன்றைக் காட்டினார். விசாலமான சாமான். ஆனால் மழை வந்தால் பொன்னாடையின் பொன் கழன்று ஓடும். பிறகு அது வெறும் ஆடை. இரண்டாவது, குதிரை ஏற்றுகிற ட்ரெயிலர். நீளமும் உயரமும் தாராளம். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். கதவு நன்றாகப் பூட்டுகிறதா என்று முகுந்த் வெளியே நின்று பூட்டிப் பார்த்தான். நன்றாகத்தான் பூட்டியது. திறக்கக் கால் மணித்தியாலம் எடுத்தது. அதற்குள் அந்தச் சின்ன யன்னல் வழியாக ஒரு குழந்தைப்பிள்ளை எனக்குக் கரட் ஒன்று நீட்டியது. நல்ல கரட். ஆனால் எங்கள் கார் இழுக்கத் தாங்காத எடை என்று ஷீட் சொல்லிவிட்டது.

மூன்றாவது, வெள்ளைப் பெட்டி ட்ரெயிலர். இரண்டு சில்லு, பின்பக்கம் இரட்டைக் கதவு, மழை போகாது, கார் தாங்கும். பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது.

"உள்ள நீளம் போன்லயே அளந்துடலாம்," என்றான் முகுந்த். "நம்ம பட்டம் எவ்ளோ நீளம் அங்கிள்?"

"பத்து முழம்."

"ஒரு முழம்னா எத்தனை சென்டிமீட்டர்?"

"அது ஆளைப் பொறுத்தது தம்பி."

அவன் போனில் தேடினான். அடி இருந்தது, அங்குலம் இருந்தது, கடல் மைல்கூட இருந்தது. முழம் இல்லை. "விடும்," என்று நானே உள்ளே தவழ்ந்து போய், முழங்கையை ஊன்றி நடுவிரல் வரைக்கும் ஒன்று, இரண்டு என்று அளந்தேன். சரியாகப் பத்து முழமும் நாலு விரலும். கடவுள் எங்களுக்கென்றே செய்து வைத்த ட்ரெயிலர். விற்கிறவர் தன் வாழ்நாளில் ஒருவரும் இப்படி அளந்ததைப் பார்த்ததில்லை என்றார். எங்களுடைய முறை மிகவும் திருத்தமானது என்று அவருக்கு விளக்கினேன்.

அன்று பின்னேரமே வீட்டு வாசலில் பூசை. சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தோம். எஞ்சின் இல்லாத வண்டிக்குத் தேசிக்காய் தேவையா என்று முகுந்த் கேட்டான். மகாலிங்கம் புதுப் பொன்னாடையோடு வந்து நின்று தீர்ப்புச் சொன்னான்: "சில்லு இருந்தால் தேசிக்காய். போன கிழமை என்ர புது சூட்கேசுக்கே வைச்சனான்."

ட்ரெயிலருக்குப் பின்னால் இழுக்கிற காரின் நம்பரையே ஒட்ட வேண்டும் என்பது இந்த நாட்டுச் சட்டம். மகாலிங்கத்துக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

"கலியாணம் மாதிரித்தான். முன்னுக்குப் போறவற்ற பேர்தான் பின்னுக்கு வாறவவுக்கும்."

"ஓமண்ணை," என்றாள் மகாதேவி, கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டு. "எங்கட வீட்டில இழுக்கிறது நான். மிச்ச நம்பர் பிளேற்றை இவற்ற முதுகில ஒட்டிவிடுங்கோ."

ஞாயிறு காலை எட்டரைக்குப் பட்டத்தை ஹோலிலிருந்து எடுத்து, செட்டைகளை மடக்கி, கயிறு போட்டு, ட்ரெயிலருக்குள் வாலை முதலில் விட்டுத் தள்ளினோம். போனது, போனது, பிறகு நின்றது. பட்டத்தின் தலை வெளியே நின்றது. விண்ணோடு, செட்டைகளின் மேல்பாதியோடு, இரண்டு முழம்.

மகாலிங்கம் தன் கையை நீட்டி மூங்கிலில் அளந்தான். பத்து. நான் ட்ரெயிலருக்குள் போய் அளந்தேன். பத்து. முகுந்த் எங்கள் இரண்டு பேருடைய கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தான். பிறகு கார் மேலே சாய்ந்தான்.

"மச்சான், உன்ர கையில இருக்கிறது முழமில்லை," என்றான் மகாலிங்கம். "அது வளந்த சாண்."

"உன்ர கையாலை பூ வாங்கினால் பூக்காரிக்கு நட்டம். அது நல்ல மனுஷற்ற முழமோ?"

"பதினொரு சங்கத்துக்கு இந்தக் கையாலைதான் கையெழுத்து வைச்சனான்."

"அதாலதான் பதினொண்டிலையும் முன்னாள் தலைவர்."

காருக்குள்ளிருந்து மகாதேவியின் குரல் வந்தது. "ஒன்பது மணிக்கு வண்டி எடுப்பன். ஆக்கள் ஏறினாலும் சரி, ஏறாட்டிலும் சரி."

சண்டையை நிறுத்தினோம். பின்கதவைத் திறந்தபடி இழுத்துக் கட்டினோம். வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற சாமானில் சிவப்புத் துணி தொங்க வேண்டும் என்று முகுந்த் சொன்னான். சிவப்புத் துணிக்கு எங்கே போவது என்று பார்த்தால், மகாலிங்கத்தின் தோளில் முப்பத்திரண்டாவது பொன்னாடை. சிவப்பில் சரிகை. அவன் கழற்றும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டான். கடைசி முடிச்சை நான் போட்டேன். அது நல்ல முடிச்சு. அதற்குப் பிறகு நடந்ததற்கும் முடிச்சுக்கும் சம்பந்தமில்லை என்றுதான் இன்றைக்கும் சொல்லுகிறேன்.

A127 வீதியில் ஏறினோம். ட்ரெயிலர் இழுத்தால் அறுபது மைலுக்கு மேல் போகக்கூடாது. மகாதேவி ஐம்பத்தெட்டில் போனாள். கொஞ்சத் தூரத்தில் பின்னால் டக் என்று ஒரு சத்தம். பிறகு குடை விரிகிற சத்தம். பிறகு விண் கூவத் தொடங்கியது. முதலில் தும்பி போல, பிறகு கப்பல் போல.

மகாதேவி கண்ணாடியைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்கைத்தான் விரலால் தட்டிப் பார்த்தாள்.

"பின்னால ஆக்கள் இறங்கீட்டினம் போல கிடக்குது," என்றாள். "வண்டி லேசாப் போகுது."

முகுந்த் திரும்பிப் பார்த்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடியும் பார்த்தான்.

"ட்ரெயிலர் இருக்கு ஆன்ட்டி. ஆனா ரோட்டுல இல்ல."

உண்மைதான். கதவுக்கு வெளியே இரண்டு செட்டைகளும் பொன்னும் சிவப்புமாக விரிந்து, ட்ரெயிலர் கொக்கியில் மட்டும் பிடித்துக்கொண்டு, நாலடி உயரத்தில் மிக மரியாதையாக வந்துகொண்டிருந்தது. சில்லுகள் சும்மா சுற்றின. காரின் பெற்றோல் முள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. நான் கண்ணால் கண்டேன். பக்கத்தில் வந்த பஸ்ஸிலிருந்து ஒரு பெரியவர் ட்ரெயிலருக்குக் கீழே என்ன தெரிகிறது என்று குனிந்து பார்த்தார். பச்சை வயல் தெரிந்தது.

நாலு மைலுக்குப் பிறகு பொலிஸ் கார் வந்து ஓரமாக நிற்கச் சொன்னது. மகாதேவி பஸ்ஸை நிறுத்துகிற மாதிரி ஒரு குலுக்கமும் இல்லாமல் நிறுத்தினாள். ட்ரெயிலரும் பதமாக வந்து கீழே குந்தியது. பொலிஸ்காரர் சுற்றி வந்து பார்த்தார். லைட் எரிந்தது. நம்பர் சரி. சிவப்புத் துணி சரி, சரிகை கூடுதல். சில்லு நிலத்தில் பட வேண்டும் என்று எங்கேயாவது எழுதியிருக்கிறதா என்று வெகுநேரம் போனில் தேடினார். கிடைக்கவில்லை. கடைசியில், இவ்வளவு தேயாத டயரைத் தான் கண்டதில்லை என்று பாராட்டி, செட்டைகளை இறுக்கிக் கட்டித் தந்துவிட்டுப் போனார். அவருடைய முடிச்சு என்னுடையதைவிட மோசமில்லை.

திடலுக்குப் போய்ச் சேர்ந்தால் காற்று இல்லை.

கொஞ்சமும் இல்லை. வழியில் இருந்த காற்றை நாங்களே முடித்துவிட்டோமோ என்று எனக்குப் பயமாக இருந்தது. வெள்ளைக்காரர்களின் பட்டங்கள், கணவாய் மீன், டிராகன், ஒரு முழுப் பன்றி, எல்லாம் புல்லில் காயப்போட்ட உடுப்புப் போலக் கிடந்தன. ஒரு மணி ஆனது, இரண்டு ஆனது. செவ்வாய்க்கிழமை லொறியின் சத்தம் எனக்கு இப்போதே கேட்டது.

"தங்கச்சி, அது வழியிலேயே பறந்திட்டுதுதானே," என்று மகாலிங்கம் மெல்லத் தொடங்கினான். "அதைக் கணக்கில எடன்."

"பறந்தது ட்ரெயிலர். பட்டம் அதுக்குள்ள படுத்துக் கிடந்தது," என்றாள் மகாதேவி, மடக்குக் கதிரையில் இருந்து வடையைப் பிய்த்தபடி. "பஸ்ஸுக்குள்ள நித்திரை கொண்டவர் நான் ஓடி வந்தனான் எண்டு சொல்லேலாது."

அதற்கு மேல் வழக்கில்லை. நான் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினேன். மகாலிங்கமும் முகுந்தும் பட்டத்தை நிமிர்த்திப் பிடித்தார்கள். ஜெர்மன் முழங்கால் சந்தோஷமாக ஓடியது. மற்ற முழங்கால் யாழ்ப்பாணத்தில் செய்தது. அது பின்னால் வந்தது. பட்டம் இரண்டடி எழும்பி விழுந்தது. இரண்டாம் தரம் ஓடினேன். மூன்றாம் தரம் பட்டம் எழும்பவில்லை, நான் மட்டும் விழுந்தேன். எழும்பிப் புல்லைத் தட்டிவிட்டு, ஒருவரையும் பார்க்காமல், கயிற்றைச் சுற்றத் தொடங்கினேன். ஆறு மாத வேலை. நான் அந்த நேரம் பகிடி ஒன்றும் விடவில்லை. அது மகாதேவிக்குப் பழக்கமில்லாத விஷயம்.

அவள் வடையை வைத்தாள். தூரத்தில் மகாலிங்கமும் முகுந்தும் பட்டத்தை நிமிர்த்திப் பிடித்தபடி, என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றார்கள். இரண்டு செட்டையும் அகல விரிந்து இருந்தன. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இருபத்திரண்டு வருஷம்," என்றாள். "ஸ்ரொப்பில கை காட்டி நிண்ட ஒருத்தரையும் நான் ஏத்தாமல் போனதில்லை. உது ரண்டு கையையும் விரிச்சுக்கொண்டு நிக்குது."

திறப்பை எடுத்தாள். "என்ன பாக்கிறியள். ட்ரெயிலரைக் கழட்டுங்கோ. கயித்தைக் கொக்கியில கட்டுங்கோ. நீங்கள் கட்டாதேங்கோ, தம்பி முகுந்த் கட்டட்டும்."

திருவிழாக்காரரிடம் கேட்டு, ஆள் இல்லாத பக்கத்தில் புல்லோடு புல்லாக ஒரு நீண்ட ஓட்டத்துக்கு அனுமதி வாங்கினோம். அவள் கண்ணாடி பார்த்தாள். இன்டிக்கேட்டர் போட்டாள். யாருக்குப் போட்டாள் என்று தெரியாது. பத்து மைல், பதினைந்து, இருபது. பட்டம் ஒருமுறை தலையை ஆட்டியது. பிறகு எழும்பியது.

முப்பத்தொரு பொன்னாடையும் ஒரே நேரத்தில் வெயிலைப் பிடித்தன. திடலில் இருந்தவர்கள் கண்ணுக்கு மேலே கை வைத்தார்கள். விண் கூவிய கூவலில் புல்லில் கிடந்த அந்தப் பன்றி ஒரு பக்கம் புரண்டது. காரின் பின்சில்லுகள் நிலத்தைவிட்டு ஒரு முழம் கிளம்பின. யாருடைய முழம் என்று கேட்க வேண்டாம். மேலே எங்கேயோ ஒரு நல்ல காற்று இவ்வளவு நேரமும் சும்மா இருந்திருக்கிறது; பட்டம் போய் அதன் மேல் ஏறி இருந்துகொண்டது. கார் நின்றது. பட்டம் நின்றபடி நின்றது.

மகாதேவி இறங்கி வந்து கயிற்றைக் கொக்கியிலிருந்து கழற்றித் தன் கையில் சுற்றிக்கொண்டாள். மகாலிங்கம் போய் அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். அவனுடைய இடுப்பை முகுந்த் பிடித்தான். நான் போய்க் கொஞ்சம் தாரும் என்று கேட்டேன்.

"பொறுங்கோப்பா," என்றாள், மேலேயே பார்த்தபடி.

இரண்டு மணித்தியாலம் பொறுத்தேன். தரவில்லை. திரும்பப் புறப்படும்போது தன் கையாலேயே மூங்கிலை அளந்தாள். "பன்னிரண்டு," என்றாள். "அடுத்த சனி இந்த ட்ரெயிலரை மாத்திறம். அளக்கிறது நான்." முகுந்த் ஷீட்டைத் திறந்து கடைசிக் கட்டத்திலிருந்த கேள்விக்குறிகளையெல்லாம் அழித்தான்.

செவ்வாய்க்கிழமை காலை கவுன்சில் லொறி வந்தது. பதிந்தால் பதிந்ததுதான், வெறுங்கையோடு அவர்களை அனுப்புவது மகாதேவிக்குச் சரியாகப் படவில்லை. பெரிய பொருள் ஒன்று, எங்கே என்று கேட்டார்கள். அவள் ஹோலுக்குள் வந்தாள். பட்டத்தைப் பார்த்தாள். செற்றியைப் பார்த்தாள்.

"உது வந்து பதினெட்டு வருஷம்," என்றாள். "ஒருநாளாவது பறந்ததோ?"

செற்றியில் நான் இருந்தேன். எழும்பும்வரை பொறுத்தார்கள், நல்ல பிள்ளைகள்.

வாசலில் நின்று பார்த்தேன். லொறி தெருமுனையில் திரும்பும்போது, பின்னால் இருந்த செற்றி ஒரு சாண் உயரத்துக்கு எழும்பி இறங்கியது. என்னுடைய சாண். நான் மகாதேவியிடம் சொல்லவில்லை. சொன்னால், லொறிக்குப் பின்னால் போய் அதைத் திருப்பிக் கொண்டு வந்திருப்பாள்.